கானில் வீங்கிக் கிடந்ததும் குடைக்கம்பியில் காய்வதும்

போன வருடம் ஜூன் மழையில் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஓடும் கான் (வடிகால்) அடைத்துக்கொண்டது. தம்பி மண்வெட்டியோடு இறங்கி அடைப்பை வாரி மேலே போட்டான். இலைக்குப்பை, பால்மாப் பைக்கற்றுகள், அவற்றோடு பாவித்த மாதவிடாய்ப் பேட்கள் ஏழெட்டு. ஒவ்வொன்றும் ரொட்டிக்குப் பிசைந்த மா உருண்டையைப் போல ஊதி, ஓரம் வெடித்து, உள்ளிருந்து கண்ணாடி மாதிரியான களி வழிந்தது. தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அள்ளி முடித்தான். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிரம்பிய குப்பைக்குழி மழையில் வழிந்தால் எது எந்த வீட்டுடையது என்று அடையாளமா இருக்கிறது? அதில் என்னுடையதும் இருந்திருக்கும்.

இலங்கையின் மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம், கடல் மட்டத்துக்கு மேல் 1200 மீற்றருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். குப்பை லொறி பெரிய ரோட்டோடு திரும்பிவிடும். பாவித்த பேட்டுக்கு இங்கே நான்கு வழிதான்: குழி, அடுப்பு, மலசலகூடம், கான். குழி நிரம்புகிறது. அடுப்பில் ஈரப் பேட் எரியாது, கருகி நாறும். மலசலகூடத்தில் போட்டால் மலக்குழி சீக்கிரம் நிறையும், இறைக்க வரும் பவுசர் எங்கள் ரோட்டில் ஏறாது. கானில் போட்டது ஓடையில் இறங்கும். ஓடை கொத்மலை ஓயா என்ற ஆற்றில் சேரும். ஓயா தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையில் தேங்கும்.

நான் பத்து வருடம் கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவள். இப்போது வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். எந்தத் துணி கைக்கு வந்தாலும் அது எதனால் ஆனது என்று பிரித்துப் பார்க்காமல் எனக்கு இருக்க முடியாது. பேட்டை மட்டும் இருபது வருடமாகப் பிரித்துப் பார்க்காமல் பாவித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலில் நிறுத்துப் பார்த்தேன். 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி, ஐந்து பேட்களை ஒன்றாக வைத்து ஐந்தால் வகுத்தேன். உறையோடு ஒன்று 7.3 கிராம். எனக்கு மாதம் பதினைந்து போகும், அண்ணிக்கும் அவ்வளவுதான். இருவருக்கும் சேர்த்து 220 கிராம். பிறகு அம்மாயியின் பக்கம் திரும்பினேன். அம்மாயிக்கு 78 வயது, சிறுநீர் நிற்பதில்லை. ஒரு நாளைக்கு மூன்று பேம்பர்ஸ். (பெரியவர்களின் டயப்பருக்கும் எங்கள் பக்கம் இதுதான் பெயர்.) ஒன்று காய்ந்த நிலையில் 96 கிராம். மாதத்துக்கு 8.6 கிலோ. நனைந்த பிறகு என்ன பாரம் என்பது அதைக் குழிக்குத் தூக்கிப்போகும் எனக்குத் தெரியும்.

எங்கள் இருவருடையதைப் போல ஏறக்குறைய நாற்பது மடங்கு. எங்கள் வீட்டுக் குழியை நிரப்பியது பேட் அல்ல. மாதவிடாயைப் பற்றிப் பேசவாவது இப்போது கூட்டம் போடுகிறார்கள். நாற்பது வருடம் கொழுந்து பறித்து, பிள்ளை பெற்று, இடுப்புத் தளர்ந்துபோன கிழவிகளின் சிறுநீரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அதில் கோபம் இருக்கிறது.

பேட்டைக் கத்தரித்தால் புத்தகம் போல ஏடு ஏடாகப் பிரியாது. எல்லா அடுக்கும் பசையால் ஒட்டியிருக்கும். அது சூட்டில் இளகும் பசை. இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு துணி போட்டு, பத்து விநாடி வைத்து எடுத்தால் கிழியாமல் உரிக்கலாம். கொஞ்சம் கூடினாலும் அடித்தாள் சுருங்கிவிடும்; எனக்கு ஒன்று அப்படிப் போயிற்று.

உடம்பில் படும் மேல்விரிப்பு தொட்டால் பஞ்சு போல இருக்கிறது. பஞ்சு அல்ல. நெய்யாமல், பின்னாமல், பொலிபுரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்திச் செய்த தாள். அதன் கீழே, விழுந்த ஈரத்தை நீளவாக்கில் பரப்ப ஒரு சிறு பட்டை. அதன் கீழே மெல்லிய தாளில் சுற்றிய உள்ளீடு. அடியில் பொலித்தீன். அதற்கும் அடியில் பசை, பசையை மூடும் சிலிக்கோன் பூசிய வழுக்குத்தாள். எது எது என்று உறுதிப்படுத்த வீட்டில் இரண்டு சோதனை போதும். தண்ணீரில் போட்டு அழுத்திக் காற்றை வெளியேற்றினால் மேல்விரிப்பும் அடித்தாளும் மிதக்கும், உள்ளீட்டுக் கூழ் மூழ்கும். ஒரு நூலளவு எடுத்து, முற்றத்தில் வைத்து, மெழுகுவர்த்தியில் காட்டினால் முதல் இரண்டும் சுருண்டு உருகி மெழுகு வாசம் வரும். கூழ் கடதாசி போல எரிந்து சாம்பலாகும்.

அந்த வெள்ளை உள்ளீட்டைப் பருத்தி என்றே நான் நம்பியிருந்தேன். மலிவு விலைப் பேட் இயந்திரம் செய்த கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தமும் தொடக்கத்தில் அப்படி நம்பி, பஞ்சை வைத்துப் பேட் செய்து தோற்றவர்தான். அது மரக்கூழ் என்று தெரிந்த பிறகே அவருடைய இயந்திரம் பிறந்தது. உலகத்துப் பேட்களுக்குப் போகும் கூழில் பெரும்பங்கு அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் பைன் மரங்களிலிருந்து வருகிறது. அந்த மரத்தின் இழை நீளமானது, அதனால் கூழ் உதிராமல் கோத்து நிற்கும். எங்கள் மேட்டிலும் பைனஸ் தோப்பு ஒன்று நிற்கிறது; அதன் கீழே புல்கூட ஒழுங்காக முளைக்காது. அதைக் கடந்துபோகும்போதெல்லாம் இப்போது இந்த ஞாபகம்தான்.

7.3 கிராமில் உறை 0.9, வழுக்குத்தாள் 0.8, மேல்விரிப்பு 0.5, பரப்பும் பட்டை 0.3, அடித்தாள் 0.8. மிச்சம் 4 கிராம் உள்ளீடும் பசையும். பிளாஸ்டிக் என்று கண்ணுக்குத் தெரிவது மட்டும் 2.5 கிராம், மூன்றில் ஒன்று. உள்ளீட்டுக்குள் ஒளிந்திருக்கும், ஈரத்தைக் குடிக்கும் மணிகள் இந்தக் கணக்கில் இல்லை.

அந்த மணிகளைத் தனியே எடுக்க டயப்பர்தான் வசதி. உள்ளீட்டைப் பிய்த்து ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயைக் கட்டிக் குலுக்கினால் சீனி போன்ற மணிகள் மூலையில் சேரும். தூசி மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சோடியம் பொலிஅக்ரிலேட் என்பது இதன் பெயர். சரியாக 1 கிராம் எடுத்துப் பீலித் தண்ணீர் (மலையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர்) 300 மில்லிலீற்றர் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, மெல்லிய துணியில் வடித்தேன். 220 கிராம் களி! இன்னொரு கிராமை எடுத்து, லீற்றருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டேன். உடம்பின் நீரில் ஏறத்தாழ அவ்வளவுதான் உப்பு. இந்த முறை 50 கிராம்தான். முதல் களியின்மேல் ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவியதும் அது குடித்த தண்ணீரைக் கண்முன்னே கக்கிச் சுருங்கியது.

காரணம் எளிது. மணிக்குள் கட்டுண்டு கிடக்கும் சோடியம் வெளியே உள்ள தண்ணீரை உள்ளே இழுக்கிறது. வெளியேயும் உப்பு இருந்தால் அந்த இழுப்புக் குறைந்துவிடும். ஆகவே உடம்போடு இருக்கும்வரை பேட் அளவாகத்தான் வீங்கும். அதே பேட் கானில் விழுந்தால்? எங்கள் மழைத்தண்ணீரில் உப்பு என்பதே இல்லை. மணி நான்கு மடங்கு கூடக் குடிக்கிறது, உறை தாங்காமல் வெடிக்கிறது. தம்பி மண்வெட்டியில் அள்ளிய மா உருண்டைகளின் கதை இதுதான். மண்ணையும் இலையையும் பிடித்துக் கானை அடைத்ததும் அந்தக் களிதான்.

அதே வருடம் ஜூலையில் ஒவ்வொரு அடுக்கையும் வெங்காய வலைப் பையில் தனித்தனியே கட்டி, ஒரு துண்டு பிளனல் துணியோடு, வீட்டுக்குப் பின்னால் முழங்கை ஆழத்தில் புதைத்தேன். அதன் முடிவு பிறகு.

துணிப் பேட் தைக்கலாம் என்று முடிவெடுத்ததற்குக் காசும் காரணம். 2018 செப்டம்பருக்கு முன் இறக்குமதிப் பேட்டின்மேல் விழுந்த வரிகளைக் கூட்டினால் நூறு வீதத்தைத் தாண்டும். அதைக் குறைத்தார்கள். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் எல்லா விலையும் ஏறியபோது அண்ணி ஒரே பேட்டைக் காலையிலிருந்து மாலை வரை வைத்திருந்து புண்ணோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போனார்.

நான் தைத்த முதல் பேட், இப்போது நினைத்தாலும், நல்ல தையல். குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் பருத்திப் பிளனல், 25 சென்டிமீற்றர் நீளம், 7 அகலம், எட்டு அடுக்கு, சுற்றிலும் ஓரம் அடித்தது. அடியில் உடைந்த குடையின் துணி. குடைத்துணியின் ஒரு பக்கத்தில் தண்ணீர் புகாத பூச்சு இருக்கிறது; தண்ணீர் காப்பதற்கென்று தனித் துணி எங்கள் நகரக் கடைகளில் கிடைக்கவில்லை, முறிந்த குடை இல்லாத வீடு எங்கள் லயத்தில் இல்லை. தைத்து முடித்து ஒரு துளி தண்ணீர் விட்டேன். துளி சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது. புதுத் துணியில் மில் கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் இருக்கும் என்பது தொழிற்சாலையில் பத்து வருடம் இருந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தைக்கும் முன்பே துணியைச் சலவைச் சோடா போட்டு இரண்டு முறை கொதிக்க வைக்க வேண்டும். அதன் பிறகு துளி விழுந்ததும் மறைந்தது.

எடை 21 கிராம். நனைத்து, மேலே ஒரு செங்கல்லை வைத்து, வழிந்தது போக நின்றது 45 மில்லிலீற்றர். ஒரு முழு மாதவிடாய்க்கும் சேர்த்துப் போகும் ரத்தம் பொதுவாக 30இலிருந்து 80 மில்லிலீற்றர் வரைதான். அதற்கு மேல் போனால் அது வைத்தியரிடம் காட்ட வேண்டிய போக்கு. எனவே எட்டு அடுக்கு தேவைக்கு எவ்வளவோ அதிகம். சந்தோஷப்பட்டேன். தோய்த்துப் பிழிந்து இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், காயப்போட்டேன்.

பிழிந்தபோது 44 கிராம். அன்று மாலை 37. மறுநாள் மாலை 30. மூன்றாம் நாள் 25, கூடவே பூஞ்சண வாசம். ஜூலை மாதம், மே முடிவில் தொடங்கிய மழை நிற்கவேயில்லை, பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்கிறது. நான்கு நாளில் காயும் பேட்டை வைத்து ஐந்து நாள் மாதவிடாயைக் கடப்பது எப்படி? துணிப் பேட்டைப் பற்றி நான் வாசித்ததெல்லாம் வெயிலில் காயப்போடுங்கள் என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வெயிலுக்கு நாங்கள் எங்கே போவது?

அம்மாயி அடுப்படியில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் பிள்ளை, இதை எதற்கு இப்படித் தைக்கிறாய்? தைத்தால் எப்படிக் காயும்?" என்றார்.

அவர் காலத்தில் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்து வைப்பார்களாம். ஒரு தையலும் கிடையாது. விரித்தால் ஒற்றைத் துணி. அது நல்ல காலம் என்று அவர் சொல்லவில்லை. "மற்றத் துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவோம். பாதி ஈரத்தோடு எடுத்துக் கட்டுவோம். தொடை புண்ணாகிவிடும், அதோடு மலை ஏறுவோம்" என்றார். துணி சரிதான், மறைத்துக் காயவைத்ததுதான் அவர்களைப் புண்ணாக்கியிருக்கிறது.

எட்டு அடுக்கையும் பிரித்தேன். புதிய மாதிரி இரண்டு துண்டு. ஒன்று, 30க்கு 40 சென்டிமீற்றர் ஒற்றைப் பிளனல் துணி, ஓரம் மட்டும் அடித்தது, மடித்தால் எட்டு அடுக்கு, 18 கிராம். மற்றது, அதைத் தாங்கும் உறை: மேலே ஒரு பிளனல், அடியில் குடைத்துணி, இரு பக்கமும் சிறகு, சிறகில் அழுத்துப் பொத்தான், மடித்த துணி நகராமல் குறுக்கே இரண்டு நாடா. ஒற்றைத் துணி அதே மழை நாளில், இஸ்தோப்பில், காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் காய்ந்துவிட்டது. அடுப்படியில் என்றால் மூன்று மணி நேரம்.

அடுப்புக்கு மேலே சும்மா போட்டால் கரியும் புகையும் பிடிக்கும். துணி உரித்த குடையின் எலும்புக்கூடு மூலையில் கிடந்தது. அதைத் தலைகீழாகத் திருப்பி, பிடியைக் கூரை வளையில் கட்டி, அடுப்புக்கு நேரே அல்லாமல் ஒரு முழம் தள்ளித் தொங்கவிட்டேன். எட்டுக் கம்பியில் எட்டுத் துணி. இரண்டாம் வாரம் துணிகளில் பழுப்புக் கோடு விழுந்தது. மாதவிடாய்க் கறை என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தால் கம்பித் துரு. கம்பிகளைப் பழைய சேலைக் கரையால் சுற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேறொன்று. கட்டம் போட்ட துணியை எடுத்திருந்தேன். காயும்போது அது கைலேஞ்சி (கைக்குட்டை) போலவே இருக்கிறது. அண்ணனும் தம்பியும் அடுப்படிக்கு வந்துபோகிறார்கள், எவரும் ஒளிக்க வேண்டியதில்லை.

அண்ணி இரண்டு நாள் மலைக்குக் கட்டிப்போனார். முதல் நாள் மாலை வந்ததும் முகம் சரியில்லை. "ஏறும்போது பின்னால் போய்விடுகிறது, இரண்டு தடவை தேயிலைக்குள் மறைந்து நின்று இழுத்துவிட்டேன்" என்றார். குடைத்துணி வழுக்கும், உள்ளாடையில் பிடிக்காது. வழுக்கும் பக்கம் வெளியே வராமல் அடியில் இன்னொரு பிளனல் பட்டை தைத்து, பொத்தானை அரை அங்குலம் உள்ளே தள்ளினேன். இரண்டாம் நாள் நகரவில்லை. ஆனாலும் கூடையைச் சுமந்து, இடுப்பில் படங்கு கட்டி, மாற்ற மறைவிடமே இல்லாத மலையில் எட்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு அதிகம் போகும் இரண்டு நாளும் கடைப் பேட் இருக்கட்டும் என்றுதான் அவரிடம் சொன்னேன். பாவித்த ஈரத்துணியைக் கொழுந்துக் கூடைக்குள் ஒளித்துக் கொண்டுவா என்று நான் எப்படிச் சொல்வது? மலையில் ஒரு மலசலகூடம் கட்டித் தந்தால் அந்த இரண்டு நாளும் குறையும்.

தோய்ப்பதில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டும். வெந்நீரில் ரத்தத்தின் புரதம் முட்டை வேகுவது போல வெந்து நூலில் பிடித்துக்கொள்ளும். அரை மணி ஊறவிட்டு, சவர்க்காரம் போட்டு, அதன் பிறகே கொதிநீர், அதுவும் ஒற்றைத் துணிக்கு மட்டும். உறையைக் கொதிக்க வைத்தால் குடைத்துணியின் பூச்சு உரிந்துவிடும். துணியை மெதுவாக்கும் வாசனைத் திரவத்தைத் தொடவே கூடாது. அது இழையில் படிந்து தண்ணீரைத் தள்ளும்.

அம்மாயியின் காரியம் இவ்வளவு நன்றாக முடியவில்லை.

மாதவிடாய் சொட்டுச் சொட்டாகப் போவது. சிறுநீர் ஒரே தடவையில் 200, 300 மில்லிலீற்றர் வந்துவிடும். துணி அதைக் குடிக்கும், ஆனால் மேலே உட்கார்ந்ததும் திருப்பித் தந்துவிடும். மணிகள் திருப்பித் தராது. பெரிய அளவில் ஒரு துணிப் பேட் தைத்து இரவில் கட்டிவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் தொடையிடுக்கு சிவந்திருந்தது. கிளினிக்கில் காட்டியபோது, ஈரம் தோலில் நிற்கக் கூடாது, இரவுக்குப் பழையபடி டயப்பரே கட்டுங்கள் என்றார்கள். அன்றே துணியை நிறுத்தினேன். குழியை நிரப்புகிறது என்பதற்காக அம்மாயியின் தோலைப் பலிகொடுக்க முடியாது. கானை அடைத்த அதே மணிகள்தான் இரவில் அவரை நனையாமல் தூங்க வைக்கின்றன. இரண்டும் உண்மை.

இப்போது இரவில் ஒரு டயப்பர். பகலில் துணியும் உறையும். இருமும்போதும் எழும்போதும் கசிவதற்கு அது தாராளம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மலசலகூடத்துக்குக் கூட்டிப்போகிறோம். யாருடைய முறை என்று தம்பி அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறான். அவனுடைய பெயரும் அதில் உண்டு. நாற்காலியில் விரிக்க, பழைய கம்பளித்துண்டுக்கு அடியில் குடைத்துணி வைத்துத் தைத்த ஒரு விரிப்பு. மூன்று ஒன்றாகக் குறைந்தது. 8.6 கிலோ 2.9 கிலோவாயிற்று. பகலில் "பேம்பர்ஸ் கட்டிய கிழவி" இல்லை என்பதில் அம்மாயிக்கு இருக்கும் நிம்மதியைத் தராசில் போட முடியாது.

பாவித்த டயப்பரில் உப்பைப் போட்டுத் தண்ணீரை வெளியேற்றி, பிளாஸ்டிக்கைத் தனியே பிரிக்கலாமா என்றும் பார்த்தேன். பாரம் குறைந்தது உண்மைதான். ஆனால் வெளிவந்தது உப்பும் சிறுநீரும் கலந்த தண்ணீர். அதை ஊற்றிய இடத்தில் கீரைப்பாத்தியின் ஓரம் கருகிப்போயிற்று. கையும் நாறியது. யாரும் இதைச் செய்ய வேண்டாம். இப்போது கடதாசியில் சுற்றி, சாக்கில் கட்டி, சனிக்கிழமை நகரத்துக்குப் போகும்போது லொறி வரும் இடத்தில் கொடுத்துவிடுகிறோம்.

தைப்பொங்கல் கழிந்து, புதைத்ததைத் தோண்டினேன். கூழும் சுற்றுத்தாளும் மண்ணோடு மண்ணாகியிருந்தன. மேல்விரிப்பைக் கழுவினால் மறுபடி பாவிக்கலாம் போல இருந்தது. பொலித்தீனில் ஒரு கீறல்கூட இல்லை. மணிகள் மண்நிறக் களியாக அப்படியே கிடந்தன. "மக்கும்" என்று உறையில் அச்சடித்த ஒரு பேட்டின் அடித்தாளையும் சேர்த்துப் புதைத்திருந்தேன். அதுவும் அப்படியேதான் இருந்தது. சோளத்திலிருந்து செய்யும் அந்த வகைப் பிளாஸ்டிக் மக்க 58 பாகை செல்சியஸ் அளவில் வெந்துகொண்டிருக்கும் உரக்குவியல் வேண்டும். எங்கள் குழி மண் கை வைத்தாலே சில்லென்றிருக்கும்.

பிளனல் துண்டு பெரும்பாலும் போயிருந்தது. ஆனால் அதன் வடிவத்தில், அதே நீளத்தில், நான் அடித்த ஓரத்தையல் மட்டும் வெள்ளையாக மண்ணுக்குள் வளைந்து கிடந்தது. பொலியெஸ்டர் நூல். மெஷினில் எப்போதும் போடும் நூல்கட்டை அது, எனக்கு யோசனையே வரவில்லை.

பருத்தி நூல் தேடி ஹட்டன் வரை போக வேண்டியிருந்தது. அது சீக்கிரம் அறுகிறது, மெஷினில் நூலின் இழுப்பைத் தளர்த்தி, தையலைச் சற்று நீளமாக வைத்தால் ஓடுகிறது. அந்த நூலில் ஓரம் அடித்த ஒரு துண்டை மாசியில் அதே குழியில் புதைத்திருக்கிறேன். ஆடி முடிவில் தோண்ட வேண்டும்.